ராமேஸ்வரத்தில் மூன்று அறை: முன்பணம் யார் கணக்குக்குப் போனது?

வாசகர் கடிதம்:

"தை அமாவாசைக்கு மாமனாருக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போக முடிவு செய்தோம். மொத்தம் எட்டுப் பேர். என் வீட்டுக்காரர் கூகுளில் ஒரு ஓட்டலின் பெயரைத் தேடி, முதலில் வந்த எண்ணைக் கூப்பிட்டார். மரியாதையாகப் பேசினார்கள். வாட்ஸ்அப்பில் அறைகளின் படங்கள் வந்தன. மூன்று ஏசி அறை, இரண்டு நாள், ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு 2,400 ரூபாய் என்று மொத்தம் 14,400. பாதியை முன்பணமாகக் கேட்டார்கள். 7,200 ரூபாயை ஜிபேயில் அனுப்பினோம். சற்று நேரத்தில் கூப்பிட்டு, 'பாதித் தொகையை சிஸ்டம் எடுக்கவில்லை சார், முழுத் தொகையையும் ஒரே தடவையில் போடுங்கள், முதலில் போட்டது தானாகத் திரும்பி வந்துவிடும்' என்றார்கள். 14,400-ஐயும் அனுப்பினோம். மூன்றாவதாக இன்னொரு தொகை கேட்டபோதுதான் சந்தேகம் வந்தது. மறுநாள் காலையில் என் தம்பி முன்பு அங்கே தங்கியபோது வாங்கிய பில்லைத் தேடி எடுத்து, அதில் இருந்த எண்ணைக் கூப்பிட்டோம். எங்கள் பெயரில் புக்கிங்கே இல்லை என்றார்கள். 21,600 ரூபாய் போய்விட்டது. போலீசில் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. பணம் திரும்பி வருமா? புரட்டாசி மகாளய பட்சத்துக்குக் காசி, கயா போக வேண்டும். இனி ஆன்லைனே வேண்டாம், நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அது சரியா?"

– ஒரு வாசகி, திருச்செங்கோடு

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கீழே எண் கொடுத்திருந்தீர்கள். அதனால் படித்த உடனே உங்களைக் கூப்பிட்டு, வேறு எதையும் யோசிக்காமல் 1930-க்குப் பேசச் சொன்னேன். நீங்களும் பேசிவிட்டீர்கள். ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதை, இதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்காகவும் விளக்கமாக எழுதுகிறேன்.

1930 என்பது பண மோசடிக்கான தேசிய உதவி எண். அங்கே புகாரைப் பதிவு செய்ததும் அது உங்கள் வங்கிக்கும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் கணினி வழியாகவே போகிறது. பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் அதை அப்படியே நிறுத்தி வைப்பார்கள். வேறு கணக்குக்கு மாறியிருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். மோசடிக்காரர்கள் பணத்தை ஒரே இடத்தில் விட்டுவைப்பதில்லை. இரண்டு மூன்று கணக்குகளுக்கு மாற்றி, கடைசியில் ஏதோ ஓர் ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். அதனால் முதல் சில மணி நேரத்தில் சொல்லும் புகாருக்கு இருக்கும் பலம் மூன்று நாள் கழித்துச் சொல்வதற்கு இல்லை. நாள் தள்ளிப் போயிருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அதே கணக்கில் வேறு யாருடைய புகாராலோ பணம் முடக்கப்பட்டிருக்கலாம்.

பேசும்போது கையில் இருக்க வேண்டியவை: இரண்டு பரிவர்த்தனைகளின் 12 இலக்க எண்கள் (ஜிபேயில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 'யுபிஐ டிரான்சாக்‌ஷன் ஐடி' என்று இருக்கும்), தொகை, தேதி, நேரம், பணம் போன யுபிஐ முகவரி, அவர்கள் பேசிய கைபேசி எண். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். கோபத்தில் அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். படங்கள், குரல் பதிவுகள், அவர்கள் அனுப்பிய போலி ரசீது எல்லாம் சாட்சியம். 1930-இல் பேசிய பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்து, ஒப்புகை எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் மாவட்டத்துக்கென்று சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. அதே ஒப்புகையோடு அங்கே போகலாம். "ராமேஸ்வரம் ஓட்டல்தானே, அங்கே போய்ப் புகார் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம்.

பணம் திரும்பி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பொய் சொல்ல மாட்டேன். முடக்கப்பட்ட தொகை இருந்தால் வரும். ஆனால் சில மாதங்கள் ஆகலாம். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம் வழியாகவும் பலருக்குக் கிடைத்திருக்கிறது. முடக்குவதற்குள் எடுத்துவிட்டார்கள் என்றால் குற்றவாளி பிடிபட்டால்தான் வழி. வங்கி ஈடு கட்டுமா என்றால், 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி நமக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்கானது. மூன்றாம் ஆள் யாரோ நம் கணக்கிலிருந்து எடுத்திருந்து, அதை மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் நமக்கு இழப்பு இல்லை. இங்கே உங்கள் வீட்டுக்காரரே பின் எண் போட்டு அனுப்பியிருக்கிறார். அந்த விதியை நம்பி உட்கார முடியாது. இருந்தாலும் உங்கள் வங்கியில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாக எழுதலாம்.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சில வாரங்களில் யாராவது கூப்பிட்டு, "சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் மீட்கப்பட்டிருக்கிறது, விடுவிக்க 2,000 ரூபாய் கட்டணம்" என்று சொல்லக்கூடும். ஒரு முறை ஏமாந்தவர்களின் எண்கள் மோசடிக்காரர்களுக்குள் கைமாறுகின்றன. பணத்தைத் திருப்பித் தர எந்தக் காவல் நிலையமும் வங்கியும் கட்டணம் கேட்காது. யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் எண் போடவும் தேவையில்லை, க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. பின் எண் போடச் சொன்னாலே பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகப்போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் கூகுளில் தேடாதீர்கள். ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருப்பதைப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரரின் கூச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் நாடு முழுவதற்குமாக ஓர் எச்சரிக்கை விட்டது. கேதார்நாத் ஹெலிகாப்டர், சோம்நாத் விருந்தினர் விடுதி, யாத்திரை ஊர்களின் ஓட்டல்கள், டாக்சி என்று எல்லாவற்றுக்கும் போலித் தளங்கள், போலி விளம்பரங்கள், போலி வாட்ஸ்அப் கணக்குகள் நடப்பதாகச் சொன்னது. திருமலை தேவஸ்தானம் தன் பெயரில் நடந்த போலித் தளங்கள் மீது பல முறை புகார் கொடுத்திருக்கிறது. புண்ணிய காரியத்துக்குப் போகிறவர்களைத் தேர்ந்தெடுத்துக் குறிவைக்கிறார்கள். தேதி மாற்ற முடியாது, வயதானவர்கள் கூட வருகிறார்கள், அறை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பதற்றம் இருக்கும். அந்தப் பதற்றம்தான் அவர்களுக்கு மூலதனம். உங்கள் வீட்டுக்காரர் குடும்பத்துக்காக அலைந்தவர். வெட்கப்பட வேண்டியவர் அவர் இல்லை.

சரி, இனி அடுத்த பயணம். ஓட்டல் முன்பதிவு மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், அந்த எண். கூகுளில் ஓட்டல் பெயரைப் போட்டால் மேலே வருவது அந்த ஓட்டல்தான் என்று நினைக்கிறோம். மேலே வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். சின்ன எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று இருக்கும். மேப்பில் காட்டும் எண்ணும் கல்வெட்டு இல்லை. ஒரு இடத்தின் விவரத்தை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். ஓட்டல்காரர் அந்தப் பக்கத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தால் எண் மாறியதே அவருக்குத் தெரியாது. சிறிய லாட்ஜுகளில் பல இப்படித்தான் இருக்கின்றன. போலித் தளமும் அப்படியே. படங்கள், பெயர், முகவரி எல்லாம் அசலிலிருந்து எடுத்தவை. தொலைபேசி எண் மட்டும் வேறு. முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்றால், நீங்கள் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அது. எதிர்முனையில் இருப்பவர் நல்லவர் என்று அது சொல்வதில்லை.

உங்கள் தம்பி வைத்திருந்த பழைய பில்தான் இந்தக் கதையிலேயே பெரிய பாடம். அதை மறுநாள் எடுத்தீர்கள். அடுத்த முறை முதலில் எடுங்கள். ஓட்டலின் எண்ணை ஒரே இடத்திலிருந்து எடுக்காமல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் பாருங்கள். போய்வந்த உறவினரிடம் உள்ள பில் அல்லது விசிட்டிங் கார்டு, பெரிய புக்கிங் ஆப்பில் அந்த ஓட்டலின் பக்கம், ஓட்டலின் சொந்தத் தளம், இப்படி. லேண்ட்லைன் இருந்தால் இன்னும் நல்லது. ராமேஸ்வரத்துக்கு 04573, வாரணாசிக்கு 0542. போலி ஆசாமிகள் பெரும்பாலும் கைபேசியில்தான் பேசுவார்கள். லேண்ட்லைன் இல்லாத நல்ல லாட்ஜுகள் இன்று உண்டு, அதனால் அது இல்லை என்பதற்காகவே ஒதுக்கிவிட வேண்டாம்.

இரண்டாவது, அந்த எண்ணில் இருந்தவர் பேசிய விதம். தை அமாவாசைக்குச் சில நாள் முன்னால் மூன்று ஏசி அறை கேட்டீர்கள். "இருக்கிறது சார்" என்று உடனே சொன்னார். அந்த நாட்களில் ராமேஸ்வரத்தில் உண்மையான ரிசப்ஷனிஸ்ட் அப்படிப் பேச வாய்ப்பு குறைவு. "இரண்டுதான் இருக்கு, ஒன்று நான்-ஏசி", "எத்தனை மணிக்கு வருவீங்க", "எட்டுப் பேர்னா எக்ஸ்ட்ரா பெட் போடணும்", "டிரைவருக்குத் தனியா இடம் இல்லை" என்று இழுப்பார். கொஞ்சம் சலிப்பாகக்கூடப் பேசுவார். அன்று அவருக்கு அது நூறாவது அழைப்பாக இருக்கும். நல்ல நாளில், நல்ல விலையில், கேட்டதெல்லாம் கிடைக்கிறது என்றால் போனை வைத்துவிட்டு யோசியுங்கள்.

அந்த இடத்தில் இருப்பவருக்கு மட்டும் தெரிந்த விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். "கோயிலுக்குக் கிழக்கு வாசல் பக்கமா, மேற்கு வாசல் பக்கமா? அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு நடந்து வர முடியுமா, ஆட்டோ வேண்டுமா? லிஃப்ட் இருக்கிறதா? வேனை எங்கே நிறுத்துவது? வெந்நீர் எத்தனை மணி வரை வரும்?" வேறு மாநிலத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் இதில் தடுமாறுவார், அல்லது எல்லாவற்றுக்கும் "இருக்கு சார், பக்கம்தான் சார்" என்பார். கிழக்கு வாசல் பக்கம் உள்ள விடுதி என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால், "மேற்கு வாசல் பக்கம்தானே?" என்று மாற்றிக் கேளுங்கள். அங்கே வேலை பார்க்கிறவர் திருத்துவார். நூறு சதவீதம் உறுதியான சோதனை என்று சொல்ல மாட்டேன். உள்ளூர் ஆட்களும் இந்த மோசடியில் இருக்கலாம். ஆனால் பெரும்பாலானவர்களை இது வடிகட்டிவிடும்.

மூன்றாவது, இதைத்தான் நீங்கள் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: பணம் யார் பெயருக்குப் போகிறது. 2025 ஜூன் கடைசியிலிருந்து, யுபிஐயில் பின் எண் போடும் முன் திரையில் தெரிவது வங்கிக் கணக்கில் பதிவான பெயர். அனுப்புகிறவர் தன் போனில் சேமித்து வைத்த பெயரோ, அவர்கள் சூட்டிக்கொண்ட பெயரோ அங்கே வரக்கூடாது என்பது விதி. அந்தப் பெயரை நிதானமாகப் படியுங்கள். ஓட்டலின் பெயரோ அதன் உரிமையாளர் நிறுவனமோ இருந்தால் ஒரு படி தாண்டியாயிற்று. சம்பந்தமே இல்லாத ஒரு தனிநபரின் பெயர் வந்தால் நிறுத்துங்கள். சிறு லாட்ஜுகளில் முதலாளியின் சொந்தப் பெயரில் பணம் வாங்குவது உண்டு. எல்லாரும் திருடர்கள் இல்லை. அப்போது செய்ய வேண்டியது, நீங்கள் வேறு இடத்தில் எடுத்து வைத்திருக்கும் அந்த இன்னொரு எண்ணைக் கூப்பிட்டு, "இந்தப் பெயரில் உள்ள கணக்கு உங்களுடையதா?" என்று கேட்பது. ஒரு நிமிட வேலை.

சிலர் "முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்" என்பார்கள். அந்த ஒரு ரூபாய் ஒழுங்காகத் திருடனிடம் போய்ச் சேரும், அவனும் "வந்துவிட்டது சார்" என்பான். அதில் எதுவும் நிரூபணமாகாது. ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள் என்பது அதைவிட நல்ல யோசனை. 15 எழுத்துகள் கொண்ட அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயரும் மாநிலமும் வரும், யாரும் பார்க்கலாம். தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும், உத்தரப் பிரதேச எண் 09, பீகார் 10. தயங்கினாலோ எண் பொருந்தாவிட்டாலோ விட்டுவிடுங்கள். ஆனால் ஒரு அசல் பில்லைப் பார்த்து அந்த எண்ணையும் திருடலாம் என்பதால், இது மட்டும் போதாது. வரி பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 12 சதவீதம் என்று யாராவது கணக்குப் போட்டால் கேள்வி கேளுங்கள்.

"பாதித் தொகையை சிஸ்டம் எடுக்கவில்லை" என்ற பேச்சு மிகப் பழைய தந்திரம். ஓட்டலில் கணினி நின்றுபோனால் நாங்கள் பேப்பரில் எழுதி வைப்போம். வந்த பணத்தை வரவில்லை என்று சொல்லி, மறுபடி அனுப்பச் சொல்லும் ரிசப்ஷனை நான் பார்த்ததில்லை. முதல் முறை பணம் வாங்கிய பிறகு இரண்டாவது தொகைக்காக எந்தக் காரணம் சொன்னாலும், அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு 1930-ஐக் கூப்பிடுங்கள். ஆதார் படத்தை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பும் பழக்கமும் வேண்டாம். அடையாள அட்டையை செக்-இன் செய்யும்போது காட்டினால் போதும். கண்டிப்பாகக் கேட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். உங்களுடைய ஆதார்கள் ஏற்கெனவே அந்த ஆளிடம் போயிருந்தால் அதையும் புகாரில் சேருங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரரின் யோசனை. ஆன்லைனே வேண்டாம், நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். சாதாரண செவ்வாய்க்கிழமையில் இரண்டு பேராக ராமேஸ்வரம் போனால் நானும் அதைத்தான் சொல்வேன். சந்நிதி தெருவிலும் மேற்கு வாசல் பக்கத்திலும் நடந்து, அறையைக் கண்ணால் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்து, பேரம் பேசி எடுப்பதுபோல் வராது. ஆனால் மகாளய பட்சத்தில், எட்டுப் பேராக, வயதானவர்களோடு கயாவில் போய் இறங்கி அறை தேடுவதை நான் ஏற்கவே மாட்டேன். பித்ரு பட்ச மேளா நடக்கும் அந்தப் பதினைந்து நாளில் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஜனம் அங்கே குவிகிறது. ரயில் நிலைய வாசலில் அகப்படும் தரகரிடம் நீங்கள் கொடுக்கப்போகும் தொகை, ஆன்லைனில் இழந்ததைவிட அதிகமாகிவிடக்கூடும். முன்பதிவு செய்துதான் ஆக வேண்டும். எங்கே, எப்படி என்பதில்தான் கவனம்.

காசிக்கு உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கோதோலியாவுக்குப் பக்கத்தில் இருநூறு ஆண்டுகளைத் தாண்டிய நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம், கேதார் காட் என்ற கங்கைப் படித்துறையில் குமாரசாமி மடம், அனுமான் காட் படித்துறைப் பக்கம் தமிழ் வாத்தியார்களின் வீடுகளும் மடங்களும் என்று தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கும் இடங்கள் அங்கே உண்டு. ஆனால் இவற்றின் எண்ணைக் கூகுளில் தேட வேண்டாம். சத்திரங்கள், மடங்கள், தர்மசாலைகள் பெயரில்தான் போலித் தளங்கள் போட எளிது; நிர்வாகத்தில் இருப்பவர்கள் வயதானவர்கள், இணையத்தில் யார் தங்கள் பெயரைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். திருச்செங்கோட்டிலோ ஈரோட்டிலோ சேலத்திலோ அண்மையில் காசி போய்வந்த ஒரு குடும்பத்தை விசாரித்து, அவர்கள் கையிலிருக்கும் ரசீதிலிருந்து எண்ணை வாங்குங்கள். உங்கள் ஊர்ப் புரோகிதரிடம் கேட்டால் காசி, கயா வாத்தியாரின் எண்ணைக் கொடுப்பார். அவர் வழியாகவே தங்குமிடமும் சாப்பாடும் ஏற்பாடாகிவிடும். அங்கேயும் மொத்தத் தொகையை முன்னால் அனுப்பாதீர்கள். சின்ன முன்பணம், மிச்சம் நேரில்.

ஓட்டல்தான் வேண்டும் என்றால் பெரிய புக்கிங் ஆப் ஒன்றின் வழியாகப் போடுங்கள். மேக்மைட்ரிப், கோஐபிபோ, அகோடா, புக்கிங்.காம் என்று எதுவாக இருந்தாலும், ஆப்பைப் பிளே ஸ்டோரிலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள். யாரோ அனுப்பிய லிங்க் வழியாகப் போகாதீர்கள். ஆப்பில் தேடும்போது ஃபில்டரில் 'ஓட்டலில் பணம் கட்டலாம்', 'இலவச ரத்து' இரண்டையும் தேர்ந்தெடுங்கள். விலை சற்றுக் கூடும். உங்களைப் போன்ற பெரிய குடும்பத்துக்கு, யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் தேதி மாற்ற வேண்டிவரும் பயணத்துக்கு, அந்தக் கூடுதல் தொகை தகும். குறைந்த விலையில் வரும் 'நான்-ரீஃபண்டபிள்' அறையை எடுத்துவிட்டு ரத்து செய்ய முடியவில்லை என்று வருந்தியவர்களை மேசைக்கு எதிரே நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, பணம் ஆப்பிடம் இருக்கும்.

முன்கூட்டியே கட்டத்தான் வேண்டும் என்றால் கிரெடிட் கார்டு நல்லது. அறை இல்லை என்று கைவிரித்தால் கார்டு வங்கியிடம் 'சார்ஜ்பேக்', அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்கலாம். நாமே பின் எண் போட்டு அனுப்பிய யுபிஐ பணத்துக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடையாது. கட்டணத் திரையில் காப்பீடு, நன்கொடை என்று தானாக டிக் ஆகியிருப்பதை எடுத்துவிடுங்கள். "ஒரே ஓர் அறைதான் மீதி", "இருபது பேர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்ற சிவப்பு எழுத்துகளைப் பார்த்துப் பதற வேண்டாம். பொய்யான அவசரம் காட்டுவதையும் கேட்காமல் கூடையில் சேர்ப்பதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது.

புக் செய்த பிறகு இரண்டு விதமான அழைப்பு வரலாம். ஒன்று, "ஆப்பில் ரத்து செய்துவிடுங்கள், எங்களுக்கு நேரடியாக அனுப்பினால் குறைத்துத் தருகிறோம்" என்பது. கமிஷன் மிச்சமாகும் என்று உண்மையான ஓட்டலே இப்படிக் கேட்பதுண்டு. ஒப்புக்கொண்டால் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடிப்பையும் விட்டுவிடுகிறீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது இன்னும் ஆபத்தானது: ஆப்புக்குள்ளேயே, ஓட்டலின் பெயரிலேயே, "உங்கள் கார்டு சரிபார்க்கப்படவில்லை, இந்த லிங்கில் விவரம் கொடுக்காவிட்டால் புக்கிங் ரத்தாகும்" என்று ஒரு செய்தி. ஓட்டல் ஊழியரின் கணினிக்குள் புகுந்து, ஓட்டலின் லாகினைத் திருடி அதிலிருந்தே அனுப்புகிறார்கள். 2023-இலிருந்து பல நாடுகளில் இது நடந்துவருகிறது. செய்தி அசல் இடத்திலிருந்து வந்திருக்கும், உங்கள் பெயரும் தேதியும் சரியாக இருக்கும், ஆனாலும் மோசடி. லிங்க் எதையும் தொடாமல் ஓட்டலை லேண்ட்லைனில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எப்படியும் புக் செய்த மறுநாள் ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை ஓட்டலைக் கூப்பிட்டு, புக்கிங் எண்ணைச் சொல்லி, "வவுச்சர் வந்திருக்கிறதா? எட்டுப் பேர், மூன்று அறை, எக்ஸ்ட்ரா பெட் உண்டு என்று இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் போய் நின்று "உங்கள் புக்கிங் எங்களுக்கு வரவில்லை" என்று கேட்கும் கொடுமை பெரும்பாலும் இந்த ஓர் அழைப்பில் தீர்ந்துவிடும். காசி ரயில்கள் விடியற்காலையிலும் வந்து சேரும். செக்-இன் பகல் 12 மணிக்கா, 24 மணி நேரக் கணக்கா என்பதையும் அப்போதே கேளுங்கள். காட் ஓரத்து விடுதிகளுக்குக் கார் போகாது, சந்துகளில் நடக்க வேண்டும், படிகள் உண்டு. மாமியாருக்கு முழங்கால் வலி என்றால் ஆற்றைப் பார்த்த அறையைவிடச் சாலையோர அறைதான் அவருக்கு நல்லது. விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு, அண்மையில் வந்த இரண்டு, மூன்று நட்சத்திரக் கருத்துகளைப் படியுங்கள். தங்கினவர்கள் எடுத்த படங்களில்தான் குளியலறை தெரியும்.

ஆப்பின் வழியாகப் போட்டும் தகராறு வந்தால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கினவர் வசிக்கும் ஊரில் வழக்குத் தொடர உரிமை இருக்கிறது.

ராமேஸ்வரத்துக்கு மறுபடி போவீர்கள் அல்லவா, அதற்காக ஒரு குறிப்பு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு அங்கே இருக்கிறது, அதன் அரசுத் தளத்திலேயே புக் செய்யலாம். பல கோயில்களின் தங்கும் விடுதிகளுக்கு இந்து சமய அறநிலையத் துறைத் தளத்திலும் முன்பதிவு உண்டு. அமாவாசை நாட்களுக்கு இவை சீக்கிரம் நிரம்பிவிடும், பல வாரம் முன்னால் பாருங்கள்.

அப்புறம், உங்களை ஒரு உதவி கேட்கிறேன். உங்களை ஏமாற்றிய அந்த எண் கூகுளில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்திலேயே தவறான எண் என்று புகார் செய்யுங்கள். அசல் ஓட்டலையும் கூப்பிட்டு, அவர்கள் பக்கத்தைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்கள் பெயரும் இதில் கெடுகிறது, நிச்சயம் கேட்பார்கள். அடுத்த அமாவாசைக்குள் அந்த எண் அங்கிருந்து போக வேண்டும்.

கயாவுக்கு இடம் பார்த்ததும், பணம் அனுப்பும் முன்னால் விடுதியின் பெயர், எண், கணக்கில் வரும் பெயர் மூன்றையும் எனக்கு எழுதுங்கள். நானும் கூப்பிட்டு விசாரித்துச் சொல்கிறேன்.